லீடர் இறங்கச் சொன்ன இடம்

போன வாரம் கூட்டேரிப்பட்டு பஸ் நிறுத்தத்தில் என்னைப் பிள்ளை பிடிக்கிறவள் என்று நினைத்து வளைத்துக்கொண்டார்கள்.

சிரிக்காதீர்கள். நிஜமாகத்தான். ஒரு பையன் போனை எடுத்து வீடியோவே ஆரம்பித்துவிட்டான். "வாரா வாரம் பத்திரிகையில் என் போட்டோ வருகிறதே... பார்த்ததில்லையா?" என்று கேட்டுப் பார்த்தேன். "எதுல வருது? போலீஸ் டேசன் செவுத்துலயா?" என்றார் அங்கே வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கிற அக்கா. இதற்குப் பிறகு நான் எழுத்தாளர் என்று எந்த வாயால் சொல்வது?

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

விழுப்புரத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பயிற்சி மையம் இருக்கிறது. ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், ஏ.டி.எச்.டி... இப்படி மூளை கொஞ்சம் வேறு தினுசாக வேலை செய்கிற இளைஞர்கள் வருகிறார்கள். நடத்துகிறவர் ஸ்டெல்லா டீச்சர். பேப்பர் கவர் ஒட்டுவது, மெழுகுவர்த்தி செய்வது மட்டுமல்ல பாடம். கடைக்குப் போவது, போனில் பேசுவது, கோபம் வந்தால் என்ன செய்வது, பிடிக்காததை 'வேண்டாம்' என்று எப்படிச் சொல்வது — இதெல்லாம்தான் பாடம். நமக்கு யாராவது இதைச் சொல்லிக் கொடுத்தார்களா? எனக்கு இன்றைக்கும் 'வேண்டாம்' என்று சொல்ல வராது. அதனால்தான் ஸ்டெல்லா டீச்சரிடம் மாட்டினேன்.

அங்கே படிக்கிற பவித்ராவுக்கு ஆட்டிசம். வயது இருபதைத் தாண்டிவிட்டது. முகத்தைப் பார்த்துப் பேச மாட்டாள். கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் இரண்டு மூன்று வார்த்தையில். ஆனால் ஒரு வேலையை ஒரு தடவை காட்டிவிட்டால் போதும். அதே மாதிரி, அதே ஒழுங்கில், அலுக்காமல் செய்வாள். திண்டிவனத்தில் ஒரு பேக்கரிக்காரர் பார்த்துவிட்டு, ரஸ்க் பேக்கிங் செய்கிற வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

ஒரே சிக்கல். தினமும் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு பஸ்ஸில் போய் வர வேண்டும். தனியாக.

அவளுடைய அப்பா ஏழுமலைக்கு ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம், மல்லாட்டையும் கேப்பையும் பயிர் வைக்கிறார். பவித்ராவை மையத்துக்குக் கொண்டுவந்து விடுவதும் கூட்டிப் போவதும் அவர்தான். அப்பாவின் பைக்கில் பின் சீட்டைத் தவிர அந்தப் பெண் வேறெதிலும் ஏறி நான் பார்த்ததில்லை. வேலை விஷயத்தைச் சொன்னபோது அவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஒரு தபா பஸ்ல போய்ட்டு வரட்டும் டீச்சர்... அப்பாலிக்கா பார்க்கலாம்."

நம் வீட்டு அப்பாக்கள் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா?

அந்தப் பயணம் சரியாக நடந்தால் வேலை. சொதப்பினால் வீடு, டி.வி., அப்பாவின் பின் சீட். எல்லோருக்கும் இது தெரியும். பவித்ராவுக்கும் தெரியும்.

ஸ்டெல்லா டீச்சர் சும்மா இருப்பாரா? பவித்ராவைத் தனியாக அனுப்புவதற்குப் பதிலாக, ஜான்சனையும் தினேஷையும் கூடச் சேர்த்து, "நீதான் லீடர், இவங்க ரெண்டு பேரையும் நீ கூட்டிட்டுப் போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிமிர்ந்து பேசாத பெண் லீடரா? நம் ஊரில் லீடர் என்றால் மைக் வேண்டும், ஃப்ளெக்ஸ் பேனர் வேண்டும், பின்னால் விசிலடிக்க ஆள் வேண்டும்...

"தன்னைப் பத்தி மட்டும் யோசிச்சா அவ பயந்துடுவா மேடம்," என்றார் டீச்சர். "கூட ஆள் இருந்தா அவங்களைப் பத்தி யோசிப்பா."

பல நாள் வகுப்பறையிலேயே ஒத்திகை. நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பஸ். டீச்சர் கண்டக்டர். ஜான்சன் எப்போதும் ஜன்னல் சீட் பயணி. அவனுக்கு டவுன் சிண்ட்ரோம். பார்க்கிறவர் எல்லோருக்கும் கையெடுத்து வணக்கம் வைப்பான், ஒருவரையும் விட மாட்டான். தினேஷுக்குச் சத்தம் ஆகாது. மிக்ஸி ஓடினாலே காதைப் பொத்திக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்துவிடுவான். அவனுக்காகக் காதை மூடுகிற ஹெட்போன் ஒன்று வாங்கி வைத்திருந்தார்கள்.

சரி, இதில் நான் எங்கே வந்தேன்? பாதுகாப்புக்கு ஒரு ஆள் கூடவே போக வேண்டும். ஆனால் கூட வருவது போல் இருக்கக் கூடாது. கடைசி சீட்டில் யாரோ மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும்.

"பஸ்ல ஆன்ட்டியை உங்களுக்குத் தெரியாது. ஆன்ட்டிக்கும் உங்களைத் தெரியாது. யார் கேட்டாலும் தெரியாது. இதான் ரூல்," என்று மூன்று பேரிடமும் சொன்னார் டீச்சர். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க பேசவே கூடாது மேடம். பஸ் கவுந்தா மட்டும் வாயைத் திறங்க."

என்னை நன்றாகத் தெரிந்தவர்கள், இந்தப் பொறுப்புக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால் நம்பவே மாட்டார்கள். பால்காரரிடம் பால் வாங்கினால்கூட அவர் மாமியார் உடம்பு வரை விசாரிக்கிற ஆள் நான்!

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஏறினோம். மன்னிக்கவும்... அவர்கள் ஏறினார்கள், நானும் யாரோ போல ஏறினேன். கண்டக்டர் வந்தார். பவித்ராவைப் பார்த்தார், ஜான்சனின் வணக்கத்தைப் பார்த்தார், தினேஷின் ஹெட்போனைப் பார்த்தார். உடனே அக்கம்பக்கம் தேட ஆரம்பித்துவிட்டார்.

"பாப்பா, கூட யாரு வந்துருக்கா?"

"நான்," என்றாள் பவித்ரா.

"அது இல்லம்மா... பெரியவங்க யாரு?"

"நான்தான். மூணு திண்டிவனம்."

கவனித்திருக்கிறீர்களா? இந்தப் பிள்ளைகளிடம் நாம் நேராகக் கேட்க மாட்டோம். பக்கத்தில் நிற்கிறவரிடம்தான் "பாப்பா சாப்பிட்டாளா? பாப்பா பேர் என்ன?" என்போம். பாப்பா அங்கேயே நின்றுகொண்டிருப்பாள். அவள் ஓட்டுப் போடுகிற வயதில் இருந்தாலும் பாப்பாதான்.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். எனக்குக் கைதட்ட வேண்டும் போல் இருந்தது. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன்.

விக்கிரவாண்டி தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. அப்புறம் டிரைவருக்கு என்ன தோன்றியதோ, பாட்டைப் போட்டார். போட்டார் என்று சொன்னால் போதாது. பஸ்ஸின் தகடு அதிர்ந்தது. அதோடு நெடுஞ்சாலையில் போகிற ஒவ்வொரு லாரிக்கும் ஒரு ஹாரன். ஹெட்போனைத் தாண்டி உள்ளே போயிருக்க வேண்டும். தினேஷ் முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தான். பிறகு நெற்றியில் தானே அடித்துக்கொண்டான்.

பவித்ரா எழுந்து கண்டக்டரிடம் போனாள். "பாட்டு சத்தம் கம்மி பண்ணுங்க."

"டிரைவரைக் கேளும்மா," என்றுவிட்டு அவர் பின்பக்கம் போய்விட்டார். டிரைவருக்கோ பாட்டில் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குள் பஸ்ஸே கூடிவிட்டது. "வலிப்பு! வலிப்பு! கையில இரும்பு குடுங்க!" என்றார் ஒருவர். நம் ஜனங்களுக்கு இரக்கத்தில் குறைச்சலே கிடையாது. நாலா பக்கத்திலிருந்தும் சாவிக்கொத்து வந்துவிட்டது. வீட்டுச் சாவி, பைக் சாவி, பீரோ சாவி... தினேஷின் கையைப் பிரித்துத் திணிக்கிறார்கள். யாரையும் தொட விடாத பையன் அவன். இன்னும் அதிகமாகத் திமிறினான்.

பவித்ரா சாவிகளை ஒவ்வொன்றாக வாங்கித் திருப்பிக் கொடுத்தாள். "வலிப்பு இல்ல. சத்தம். தொடாதீங்க." குரல் உயரவேயில்லை. அதனால்தானோ என்னவோ யார் காதிலும் விழவில்லை.

இங்கேதான் என் வாய் திறந்துகொண்டது.

"அண்ணே! அதுங்க ஸ்பெஷல் சில்ட்ரன்! பாவம்! பாட்டை நிறுத்துங்க!" என்று கடைசி சீட்டிலிருந்து கத்தினேன்.

பாட்டு நின்றது. உண்மைதான். ஆனால் அதற்குப் பதிலாக 'த்சோ... த்சோ...' என்று ஒரு சத்தம் பஸ் முழுக்கக் கிளம்பியது. ஒரு நிமிடம் முன்னால் வரை மூன்று பயணிகள். இப்போது மூன்று பாவங்கள். ஒரு பெண்மணி பவித்ராவின் தலையைத் தடவி, "பெத்தவங்க எப்படித்தான் தனியா வுட்டாங்களோ" என்றார். பவித்ரா தலையை நகர்த்திக்கொண்டாள். தினேஷ் அடங்கவில்லை. பாட்டு போனால் என்ன, இத்தனை பேர் குனிந்து பார்த்துப் பேசினால்?

"ஸ்டாப்," என்றாள் பவித்ரா. "எறங்கணும்."

கூட்டேரிப்பட்டு. திண்டிவனம் இன்னும் தூரம். போச்சு, எல்லாம் போச்சு, பாதியில் இறங்கியாகிவிட்டது, ஏழுமலை அண்ணன் 'நான் அப்பவே சொன்னேன்ல' என்பார், பேக்கரிக் கதவு சாத்தியாகிவிட்டது... இப்படி நினைத்துக்கொண்டே அவர்கள் பின்னால் இறங்கினேன். பஸ் கிளம்பிவிட்டது.

பவித்ரா தினேஷை நிறுத்தத்துக்குப் பின்னால், ஒரு புளியமரத்தடிக்குக் கூட்டிப் போனாள். அவனைத் தொடவில்லை. பேசவில்லை. சற்றுத் தள்ளி உட்கார்ந்து, பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நடுவில் வைத்தாள். அவ்வளவுதான். ஜான்சன் அந்தப் பக்கம் நின்று, போகிற வருகிற வண்டிக்கெல்லாம் வணக்கம் வைத்துக்கொண்டிருந்தான்.

நான் கொஞ்ச தூரத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். இதைத்தான் அந்த மல்லாட்டை அக்கா பார்த்திருக்கிறார். மரத்தடியில் மூன்று பிள்ளைகள். அவர்களையே வெறித்துப் பார்த்துக்கொண்டு ஒரு பொம்பளை. கிட்டே போவதுமில்லை, அந்த இடத்தை விட்டு நகர்வதுமில்லை.

"இன்னாம்மா, ரொம்ப நேரமா அதுங்களையே பார்த்துகினு நிக்கிற? யாரு நீ?"

"அந்தப் பிள்ளைங்க கூடத்தான் வந்தேன்..."

அக்கா சரியான ஆள். என் பேச்சை அப்படியே நம்பவில்லை. மரத்தடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏம்மா பொண்ணு! இவங்களை உனக்குத் தெரியுமா?"

பவித்ரா என் பக்கம்கூடத் திரும்பவில்லை. தெளிவாகச் சொன்னாள்.

"தெரியாது."

ரூல்! யார் கேட்டாலும் தெரியாது! டீச்சர் சொல்லிக் கொடுத்ததில் ஒரு எழுத்து பிசகவில்லை.

"ஆன்ட்டி, வணக்கம்!" என்றான் ஜான்சன். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவன் அடுத்த நொடியே அக்காவுக்கும், வீடியோ எடுத்த பையனுக்கும், நின்றிருந்த ஆட்டோவுக்கும் வணக்கம் சொல்லிவிட்டான். அந்த சாட்சி செல்லாமல் போயிற்று.

பிறகு நடந்ததுதான் நான் ஆரம்பத்தில் சொன்னது. ஆட்டோக்காரர் ஒருவர், "பேசிகினு இருந்தா ஆவாது, ஜல்தியா ஸ்டேசனுக்கு ஒரு போனைப் போடு" என்றார். ஸ்டெல்லா டீச்சரைக் கூப்பிட நான் போனை எடுத்தால், "யாருக்குடி சிக்னல் குடுக்கிற?" என்று அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டார். பொய் சொல்ல மாட்டேன், அழுகையே வந்துவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு சந்தேகம் எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரியாததா?

கூட்டத்துக்குள் பவித்ரா வந்து நின்றாள்.

யார் முகத்தையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி விரல்களைப் பின்னிப் பின்னிப் பிரித்தாள். வார்த்தை வர நேரமானது. அக்கா ஏதோ கேட்க வந்து, என்ன தோன்றியதோ, நிறுத்திக்கொண்டார்.

"இவங்க எங்க ஆன்ட்டி. தெரியும்."

"இப்பத்தான தெரியாதுன்னே?"

"அது ரூல். டீச்சர் சொன்னாங்க." மறுபடி விரல் பின்னல். "ஆன்ட்டி அழுவறாங்க. அந்த ரூல் வேணாம்."

"யாரு வேணாம்னு சொன்னது?"

"நான். நான் லீடர்."

இது உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தோன்றலாம். சாப்பாட்டு மணி கொஞ்சம் தள்ளிப் போனால்கூடச் சாப்பிட மாட்டாள் இந்தப் பெண். செருப்பு கழற்றிப் போடுகிற இடம் மாறினால் அன்றைக்கு முழுக்கத் தவிப்பாள். அவளுக்கு ரூல் என்பது கையில் பிடித்திருக்கிற கயிறு மாதிரி. முன்பின் தெரியாத ஊரில், இத்தனை பேர் முறைக்கிற இடத்தில், எனக்காக அந்தக் கயிற்றை விட்டாள். நினைக்கும்போது இப்போதும் கண் நிறைகிறது. நான் அவளுக்குப் பாதுகாப்பாகப் போனவளாம்!

அக்கா போனைத் திருப்பிக் கொடுத்தார். "தப்பா நெனச்சிக்காதம்மா. பொம்பளப் புள்ள பின்னாடி யாராவது நின்னா கேக்காம எப்படி வுடறது?" என்றார். அவர் சொன்னதில் என்ன தப்பு? எல்லா பஸ் நிறுத்தத்திலும் இப்படி ஒரு அக்கா இருந்துவிட்டால் ஏழுமலைகள் ஏன் பயப்படப் போகிறார்கள்? ஒரு பொட்டலம் மல்லாட்டையை என்னிடம் நீட்டாமல், நேராகப் பவித்ராவிடம் நீட்டினார். "இந்தா லீடரம்மா. பசங்களுக்குக் குடு."

தினேஷ் அமைதியானதும் ஒரு பஸ் வந்தது. காலி சீட் நிறைய இருந்தது. நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தயாராகிவிட்டேன். பவித்ரா படிக்கட்டருகே போய்க் காது கொடுத்துக் கேட்டாள். "பாட்டு இருக்கு. வேணாம்," என்று திரும்பி வந்துவிட்டாள். கண்டக்டர் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நம் பக்கத்தில் காலி பஸ்ஸை யாராவது விடுவார்களா? ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிற ஜாதி அல்லவா நாம்? அவள் விட்டாள். அடுத்த பஸ்ஸில் பாட்டு இல்லை. ஏறினோம்.

திண்டிவனத்தில் இறங்கினால்... ஏழுமலை! வீட்டிலேயே இருப்பேன் என்று ஸ்டெல்லா டீச்சரிடம் சத்தியம் செய்தவர், எங்களுக்கு முன்னாலேயே பைக்கில் வந்து ஜூஸ் கடைக்குப் பின்னால் ஒளிந்து நின்றிருக்கிறார். முதல் பஸ்ஸில் பிள்ளைகள் வரவில்லை என்றதும் பாவம், மனிதருக்கு உயிரே இல்லை. முகமெல்லாம் வியர்வை.

"இன்னா மேடம் ஆச்சு? எங்க எறங்கினீங்க? இதுக்குத்தான் நான் வேணாம் வேணாம்னு சொல்லிகினே இருந்தேன்!"

பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன். பவித்ராவைக் கையால் காட்டினேன்.

"தினேஷுக்கு சத்தம் தாங்கல. எறங்கினோம்," என்றாள் அவள். "அடுத்த பஸ்லயும் பாட்டு. ஏறல. அதுக்கடுத்ததுல வந்தோம்."

"யாரு எறங்கச் சொன்னது?"

"நான்தான்பா."

"பயமா இல்லியா உனக்கு?"

கொஞ்சம் யோசித்தாள். "இருந்துச்சு."

அவர் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பழக்கதோஷம்... "சரி, வா. வண்டியில ஏறு. வூட்டுக்குப் போலாம்," என்றார்.

"வரல. பேக்கரிக்குப் போவணும். அப்புறம் ஜான்சனையும் தினேஷையும் விழுப்புரத்துல வுடணும்." அப்பாவின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ போப்பா."

பேக்கரிக்காரர் ஆளுக்கொரு பன் கொடுத்தார், பவித்ரா உட்காரப் போகிற இடத்தைக் காட்டினார். அடுப்புச் சத்தம் கேட்காத மூலை. அவள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்து, எழுந்து, "சரி" என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் மறுபடி கடைசி சீட். பின் கண்ணாடியில் எதேச்சையாகப் பார்த்தால், பைக்கில் ஏழுமலை. பஸ் நின்றால் நிற்கிறார். பஸ் கிளம்பினால் கிளம்புகிறார். முன்னால் அவர் மகள் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள், இந்த ஊர்வலம் அவளுக்குத் தெரியாது. விக்கிரவாண்டிக்குக் கொஞ்சம் முன்னால் சாலையோர டீக்கடை ஒன்றில் பைக் வேகம் குறைந்து ஒதுங்கியது. பஸ் போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் அவரைக் காணவில்லை.

சாயங்காலம் போன் செய்தார். "மேடம், வேலைக்கு எப்பலேருந்து வரச் சொன்னாங்க?" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை. என் வரலாற்றில் இது ஒரு நிகழ்வு. திங்கட்கிழமையிலிருந்து என்றேன்.

"சரிங்க மேடம். அனுப்பறேன்."

"வழியில வண்டி ஏதாவது ரிப்பேராண்ணே? நின்னுட்டீங்களே..."

"பார்த்துட்டீங்களா?" என்று கூச்சமாகச் சிரித்தார். "வண்டிக்கு ஒண்ணும் ஆவல மேடம். பொண்ணு அது பாட்டுக்கு போயிடும்னு தோணுச்சு. சரி, நாம ஒரு டீ குடிப்போம்னு நின்னுட்டேன்."

"டீ எப்படி இருந்தது?"

"எங்க மேடம்..." என்றார். "பஸ்ஸு கண்ணுக்கு மறையற வரைக்கும் பார்த்துகினே நின்னேன். டீ ஆறிப்போச்சு."